பார்த்தால் உயிர் வரும் பெட்டி

"கீழ்ப் பெட்டி செத்துப் போச்சு," என்றான் ஜனார்த்தன்.

அருள்மலர் கையிலிருந்த கோப்பிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். வெளியே மார்க்கம் நகர் முழுக்க ஜூன் வெயில். அலுவலகத்தின் இயந்திர அறைக்குள் மட்டும் கம்பளிச் சட்டை போட வேண்டிய குளிர். இரும்புத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஃபயர்வோல் பெட்டிகள் இருந்தன. இணையத்திலிருந்து கண்டவர்களும் உள்ளே நுழையாமல் தடுக்கும் காவல் பெட்டிகள். மேலே உள்ளது வேலை செய்யும். அது விழுந்தால் கீழே உள்ளது உடனே பொறுப்பெடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மத்தியானம் இராசரத்தினம் வருகிறார். பக்கத்து ஊர்களான வெக்ஸ்போர்ட்டிலும் ரூஜிலும் விமான ரிக்கெற் கடை வைத்திருப்பவர். அவருடைய கடைக் கணினிகள் இந்தப் பெட்டிகளைக் கடந்துதான் இங்கே மார்க்கத்தில் உள்ள மையக் கணினியான சேவரை அடைய வேண்டும். போன கிழமை வந்தவர், சோதித்துப் பார்க்கிறேன் என்று மேல் பெட்டியின் வெளி வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். இரண்டு கடைகளும் அப்படியே நின்றுவிட்டன. இவர்கள் அதுவரை மின்சாரத்தை நிறுத்தி மட்டுமே சோதித்திருந்தார்கள். வயரைப் பிடுங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கும் பிழை நடந்தால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அருள்மலரின் தற்காலிக வேலையும் அதோடு முடியும். நிரந்தர வேலை இல்லாமல், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கும் அப்பாவை அவளால் ஸ்பொன்சர் செய்து இங்கே அழைக்க முடியாது.

போன கிழமை நடந்தது அவளுக்கு விளங்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிப்பக்கம் ஒரு வாசல், உட்பக்கம் ஒரு வாசல். மேல் பெட்டியின் வெளி வாசல் அடைபட்ட பிறகும் உள் வாசல் திறந்தே கிடந்தது. சேவர் அதை நம்பிப் பதில்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவை வெளியேற வழியில்லாமல் அழிந்தன. ஒரு வாசல் அடைபட்டால் மற்றதும் தானாக அடைபட வேண்டும். அப்போதுதான் கீழ்ப் பெட்டி முழுப் பொறுப்பையும் எடுக்கும். இன்று காலை இரண்டு பெட்டிகளிலும் வாசல்களை அப்படிச் சேர்த்துப் பிணைத்திருந்தாள்.

"பொறும், உள்ள போய்ப் பாப்பம்," என்று மேல் பெட்டியில் கொழுவியிருந்த மடிக்கணினியைக் கழற்றிக் கீழ்ப் பெட்டியில் கொழுவினாள். திரையைப் பார்த்தவள் திகைத்தாள்.

"ஜனா, உது செத்துப் போச்செண்டு ஆர் சொன்னது? எல்லா வாசலும் திறந்திருக்கு. இப்ப உதுதான் வேலை செய்யுது."

"அப்ப மேல இருக்கிறது?"

"மேல இருக்கிறது செத்துப் போச்சு."

"என்ன விளையாடுறீரோ? இப்பத்தானே அது நல்லா இருந்தது!"

மடிக்கணினியை மறுபடி மேலே கொழுவினாள். மேல் பெட்டி உயிரோடு இருந்தது. கீழ்ப் பெட்டி செத்துவிட்டது. கீழே கொழுவினாள். கீழ்ப் பெட்டி எழும்பியது, மேல் பெட்டி படுத்தது.

"நாங்கள் பாக்கிற பெட்டிதான் வேலை செய்யுது," என்றான் ஜனார்த்தன். "உமக்குப் பயந்து நடிக்குதுகள்."

"பகிடி விடாதையும். எனக்குத் தலை சுத்துது."

வயர்களை மாற்றிப் பார்த்தார்கள். பெட்டிகளை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார்கள். காலையில் செய்த வேலையை அழித்துத் திரும்பச் செய்தார்கள். ஒன்றும் மாறவில்லை. பழுதான பெட்டி எது என்றே தெரியவில்லை. எதைச் சந்தேகித்தாலும் அது உடனே நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

"கிளடிஸ் அக்காவிட்டச் சொல்லி நாள் மாத்துவம்," என்று ஜனார்த்தன் மடிக்கணினியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மானேஜர் கிளடிஸின் அறைக்குப் போனான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் தொலைபேசி அலறியது. வெக்ஸ்போர்ட் கடையில் வேலை செய்யும் பேபி.

"தங்கச்சி, இஞ்ச ஒண்டும் வேலை செய்யேல்லை. சனம் வரிசையில நிக்குது!"

அருள்மலர் பெட்டிகளைப் பார்த்தாள். வாசல் விளக்குகள் அணைந்து இரண்டுமே செத்திருந்தன. முதல் தடவையாக, இரண்டும்.

கொஞ்ச நேரத்துக்கு முன் என்ன மாறியது? ஒன்றுமில்லை. ஜனார்த்தன் போனான், அவ்வளவுதான். அவனோடு மடிக்கணினியும் போனது.

"ஜனா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிளடிஸும் எழும்பி ஓடி வந்தாள். "லப்ரொப்பைக் கொண்டாரும்! கொழுவும்! எதிலயெண்டாலும் கொழுவும்!"

கொழுவினான். அந்தப் பெட்டிக்கு உயிர் வந்தது.

"பெட்டியில பிழையில்லை, நான்தான் விசரி," என்றாள் அருள்மலர். "காலமை திரையில எந்தெந்த வாசலைப் பிணைக்கிறதெண்டு கேட்டுது. எல்லாத்தையும் எண்டு அமத்திப்போட்டன். லப்ரொப் கொழுவுற சின்ன வாசலும் அதுக்குள்ள அம்பிட்டுட்டுது. லப்ரொப்பைக் கழட்டினா அந்த வாசல் அடைபடுது. அதோட மற்றதுகளும் அடைபடுது."

"எங்களிட்ட இருக்கிறதும் ஒரே ஒரு லப்ரொப். அதுதான் கொழுவின பெட்டி மட்டும் எழும்பினது," என்று ஜனார்த்தன் தலையில் கைவைத்தான்.

கிளடிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கொண்டும் விளங்கேல்லை. இராசரத்தினம் அண்ணை வெளியில காரை நிப்பாட்டுறார். சரிவருமோ, வராதோ?"

"வரும் அக்கா."

சின்ன வாசலை இரண்டு பெட்டிகளின் பிணைப்பிலிருந்தும் எடுத்துவிட்டு அவள் நிமிரவும் அவர் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

வந்ததும் வராததுமாக இராசரத்தினம் பேபியைத் தொலைபேசியில் பிடித்தார். ஒரு கையில் ரிசீவர். மறு கையால் மேல் பெட்டியின் வெளி வயரைப் பிடுங்கினார்.

"பேபி, என்ன நடக்குது?"

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. கொஞ்சம் யோசிச்சிட்டு இப்ப ரிக்கெற் அடிக்குது."

அவர் புருவத்தைச் சுருக்கினார். வயரைத் திரும்பக் கொழுவி, கொஞ்சம் பொறுத்து, உள் வயரைப் பிடுங்கினார்.

"இப்ப?"

"இப்பவும் அடிக்குது. என்ன அண்ணை, ஏதும் நடக்க வேணுமோ?"

ரிசீவரை வைத்துவிட்டு அருள்மலரைச் சந்தேகத்தோடு பார்த்தார். "போன கிழமை பிடுங்க எல்லாம் படுத்துது. இண்டைக்கு ஒண்டுமே நடக்கேல்லை. பிள்ளை, நான் பிடுங்கினது சரியான வயர்தானோ?"

"சரியான வயர்தான் அங்கிள்."

"அப்ப ஒண்டும் நடக்காததுக்கோ நான் காசு தாறது?"

"ஓம் அங்கிள். ரிக்கெற் நிக்காமல் அடிக்குதே, அதுக்குத்தான்."

அவர் கீழ்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தார், மேல் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். விளங்காத முகத்தோடேயே கிளடிஸிடம் திரும்பினார். "சரி, எங்க கையெழுத்து வைக்கிறது?"

அவரை அனுப்பிவிட்டு வந்த கிளடிஸ் இன்னும் குழப்பம் தீராமல்தான் நின்றாள். "அருள்மலர், நீர் உண்மையில என்ன செய்தனீரெண்டு எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை முதல் நீர் நிரந்தரம்."

"அப்ப அப்பாவுக்கு ஸ்பொன்சருக்குப் போடலாமோ அக்கா?"

"போடும். முதல்ல அந்தாளுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லும். என்ர போனிலயே எடும்."

கொழும்பில் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியதும், முதலில் எதைச் சொல்வதென்று அருள்மலருக்குத் தெரியவில்லை.