சாயப்பட்டறைச் சிவப்பு

வீடே அமர்க்களப்பட்டது. மறுநாள் பள்ளிக் கண்காட்சியில், வாயாடி என்று வீட்டில் கூப்பிடும் மகளின் வகுப்புக்கு ஒரு கடை. மிட்டாய் ஆப்பிள் கொண்டுவருவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பள்ளி விட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழங்களை வெந்நீரில் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொன்றிலும் குச்சி செருகி வரிசையாக அடுக்கிவிட்டாள்.

அடுப்பில் சர்க்கரைப்பாகு கொதித்தது. அம்மா ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். அது இறுகி, கடித்ததும் டக்கென்று உடைந்தது. பதம் சரி, நிறம்தான் வெறும் தேன் நிறம். படத்தில் பார்த்த செக்கச்செவேல் எங்கே? வாயாடியின் முகம் தொங்கிப்போனது.

பெற்ற மனம் பொறுக்குமா? அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. பையில் துணிக்குப் போடும் சாயப்பொடி கொஞ்சம் இருந்தது. "ஒரு சிட்டிகைதானே, என்ன ஆயிடப்போகுது?" என்று பாகில் தூவிவிட்டார். கடை மிட்டாயில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்டு, தடுக்க வந்த மனைவியின் வாயையும் அடைத்தார். இந்தச் சமாதானம் நம்மில் பலருக்கும் கைவசம் உண்டு.

அடேயப்பா, என்ன சிவப்பு! முக்கி எடுத்த நாலு ஆப்பிளும் பளபளத்தன. வாயாடி குதித்தாள். முதல் பழம் அப்பாவுக்குத்தான் என்று நீட்டினாள்.

அவர் கை பழக்கதோஷத்தில் கரண்டியைத் தேடியது. பதினைந்து வருடமாக அவர் கையால் எடுத்து எதையும் சாப்பிட்டதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் விரலிடுக்கில் சாயம் இருக்கும். அது வயிற்றுக்குள் போய்விடுமே என்ற பயம்.

"குச்சிதான் இருக்கேப்பா, இதுக்கு எதுக்குக் கரண்டி?" என்று சிரித்துக்கொண்டே மகள் தனக்கும் ஒன்றை எடுத்தாள்.

அவர் பழத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. மகள் கடிக்குமுன் பாய்ந்து பிடுங்கினார். நாலு பழமும் பாகும் பாத்திரத்தோடு குப்பைக்குப் போயின.

அம்மா வேறு பாத்திரத்தில் புதுப்பாகு காய்ச்சி மிச்சப் பழங்களை முக்கினாள். தேன் நிற ஆப்பிளை அப்பாவே முதலில் கடித்தார். கடக்கென்று கேட்ட சத்தத்தில் வாயாடிக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. ஆனாலும் நாளைக்கு எல்லோரும் ஏன் சிவப்பாக இல்லை என்று கேட்பார்களே என்றாள்.

"கேக்கட்டும்மா. கையில பட்டாலே நான் பயப்படுற சாயத்தை ஊர்ப் பிள்ளைங்க வாயில வைக்கப் பார்த்தேன். செஞ்சவன் சாப்பிடப் பயப்படுறதை அடுத்தவங்களுக்குக் கொடுக்கவே கூடாது. கேட்டா, 'எங்கப்பா சொன்னாரு'ன்னே சொல்லு."