ஓக்னியனைத் தோண்டி எடுத்த நாள்

போர் முடிந்தது என்று வானொலியில் சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் கைதட்டவில்லை. போஸ்னியாவில், சரயேவோவின் ஓரத்திலிருந்த எங்கள் ஊரை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் அதே செய்தியில் வந்தது. செர்பியர்களான நாங்கள் மூட்டை கட்டினோம். எனக்குப் பதினாறு வயது.

அப்பா சன்னல், கதவு, குழாய் வரை கழற்றி லாரியில் ஏற்றினார். பிறகு கடப்பாரையை எடுத்தார்.

"ஓக்னியனை விட்டுட்டு வரமாட்டேன்."

என் அண்ணன். போன கோடையில் குண்டு விழுந்து செத்தவன்.

"மண்ணு உறைஞ்சு கெடக்கு. புள்ள அங்கயே தூங்கட்டுமே" என்றாள் அம்மா.

"அப்புறம் யாருடி அவனுக்கு மெழுகுவத்தி ஏத்துவா?"

கல்லறைத் தோட்டத்தில் பாதி ஊர் தோண்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் வீதாக் சொன்னார்: "உசுரோட இருக்கறவனுக்கே உக்கார எடமில்ல. உன் மவன நடந்து வரச் சொல்லேன்." அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பெட்டியைத் தூக்கியபோது மூடி விலகியது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவும் நானும் பார்த்தோம். உள்ளே கிடந்தவருக்கு நரைத்த மீசை. குண்டுமழைக்கு நடுவே அவசரமாகப் புதைத்த நாட்களில் சிலுவைகள் இடம் மாறியிருக்க வேண்டும்.

அம்மா மூடியை அழுத்தினாள். "ஆணி அடிங்க."

லாரியில் என் காதில் சொன்னாள்: "அப்பாகிட்ட மூச்சு விடாத, நெவெனா. அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

திரினா ஆற்றங்கரையில் ஓடிப்போன யாருடைய வீட்டிலோ குடியேறினோம். பெட்டியை அந்த ஊர்க் கல்லறையில் புதைத்தோம். அப்பா தினமும் கல்லறைக்குப் போய் "மழை வரும்போல இருக்குடா" என்று பேசிக்கொண்டிருப்பார். அம்மா ஒருநாளும் போகவில்லை.

"பெத்தவதானா நீ?" என்று கத்துவார்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பாள்.

நான்காம் ஆண்டு அப்பா செத்தார். மகன் பக்கத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தார். அந்த நரைத்த மீசைப் பெரியவர் பக்கத்தில் புதைத்தோம்.

அதன்பிறகுதான் அம்மா பழைய ஊருக்குப் போகலாம் என்றாள். கல்லறைத் தோட்டத்தில் குழிகளெல்லாம் தூர்ந்து புல் மண்டியிருந்தது. காவலாளி நல்லவர்.

"எல்லாரும் அவங்கவங்க ஆளை எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா. இங்க யாருமே இல்ல."

அண்ணனை எந்தக் குடும்பம் எந்தப் பெயரில் எங்கே கொண்டுபோய்ப் புதைத்ததோ. அம்மா கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொண்டுவந்த மெழுகுவர்த்தியைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"வா, பஸ் போயிடும்" என்றாள்.