பதினேழாம் பின்

நாச்சிமுத்து பதினேழாம் பின்னில் விரலை வைத்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வலது கை. ஆள்காட்டி விரல்.

பழைய டிவி கேமுக்குத் தானே ஒரு கேம் எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக, கேசட் செருகும் இடத்தில் செருகுவதற்கு ஒரு பலகையைத் தன் கையாலேயே ஈயம் உருக்கி, சால்டர் வைத்துச் செய்தார். பலகை வேலை செய்தது. அதன் பதினேழாம் பின்னை விரலால் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் செய்தது.

முதல் நாள் விரலை எடுத்தபோது திரையில் நடந்துகொண்டிருந்த பொம்மை நின்றது. இரண்டாம் நாள் மின்விசிறி நின்றது. மூன்றாம் நாள் மனைவி கலாமணி நின்றாள். அவள் ஊற்றிய ரசமும் அந்தரத்தில் நின்றது. விரலை வைத்தார். ரசம் தட்டில் விழுந்தது.

“ஏனுங்க, குனிஞ்சிருக்கறப்பவா நிறுத்துவீங்க? இடுப்பு புடிச்சுக்கிச்சு.”

“இனி எடுக்கல கண்ணு.”

நாலாம் நாளிலிருந்து அவளே ஊட்டினாள்.

ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். அரிசி அளவு சாமான். விரல் பார்க்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்; நாச்சிமுத்து எழுந்து போய்க் குளிக்கலாம். கலாமணி கடைக்குக் கிளம்பினாள். குடியிருப்போர் சங்கம் அவளை வாசலிலேயே மறித்தது. நாற்பது வீடும் அந்த விரலில் ஓடுவதால், உதிரி பாகத்தை மாற்றத் தீர்மானம் போட வேண்டுமாம். சங்கத்தின் பொதுச் சொத்துப் பட்டியலில் விரல் முதலில் இருந்தது. நாச்சிமுத்து அதற்கு இணைப்பு.

ஒன்பதாம் நாள் சங்கத் தலைவர் வெள்ளிங்கிரி மேளத்தோடு வந்தார். பின்னால் நாற்பது பேர். கூடம் அதற்குத் தக்கபடி நீண்டு கொடுத்தது. விரலுக்குச் சந்தனம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

“ரெசிஸ்டருங்க?” என்றார் நாச்சிமுத்து.

“கொண்டாந்திருக்கனுங்க.” கண்ணாடிச் சட்டத்துக்குள், வெல்வெட் மேல், ரெசிஸ்டர். “நினைவுப் பரிசு. நான் பேசி முடிச்சதும் உங்களுக்கு. அதுவரைக்கும் அம்மிணி புடிச்சிருக்கட்டும்.”

“எவ்வளவு நேரமுங்க பேசுவீங்க?”

“சுருக்கமாத்தானுங்க.”

தலைவர் மைக்கைத் தட்டினார். விரலின் தியாகத்தைச் சொன்னார். வாய்ப்புக் கிடைக்காத மற்ற ஒன்பது விரல்களுக்கும் வருத்தம் தெரிவித்தார். “இறுதியாக” என்றார். சுண்டல் வந்து போனது. அவர் ஆறாவது முறை “இறுதியாக” என்றபோது ஜன்னலில் வெயில் மூன்று தடவை வந்துபோயிருந்தது.

“இப்பவே குடு கண்ணு” என்று கிசுகிசுத்தார் நாச்சிமுத்து.

“எப்படீங்க? நாப்பது பேரு பாக்கறாங்க.”

ஒரு கணம் விரலை எடுத்தால் எல்லாம் நிற்கும். தலைவரும் நிற்பார். எட்டிப் பறித்துவிடலாம்.

எடுத்தார்.

மின்விசிறி நின்றது. தட்டக் கிளம்பிய எண்பது கைகள் பாதியில் நின்றன. கலாமணி நின்றாள். சட்டத்தைப் பிடித்த அவள் விரல்கள் இறுகிப்போயின. நாச்சிமுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பேச்சு நிற்கவில்லை. மைக் செத்திருந்தது. குரல் வந்தது.

“தடங்கலுக்கு வருந்தறனுங்க” என்றார் தலைவர், உறைந்த சபையைப் பார்த்து. பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் குனிந்தார். “போய் உக்காருங்க. நீங்க இல்லீன்னா கைதட்டல் வராதுங்க.”

நாச்சிமுத்து உட்கார்ந்தார். விரலை வைத்தார். எண்பது கைகளும் சேர்ந்தன.

கைதட்டல் அடங்கும்வரை தலைவர் காத்திருந்தார்.

“இத்தோட முன்னுரைய முடிச்சுக்கறனுங்க.”