தாளில் விழாத சிவப்பு

"இங்க மழை கொஞ்சம் விட்டிருக்கு மோளே. நீ ஒண்ணும் பதறாத," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "வாசகசாலையில பேப்பர் ஒட்டியாச்சு. இயல்புன்னுதான் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் பாப்பச்சன் துருத்துக்குக் கிளம்பிட்டான். எனக்கும் ரெண்டு மூடு கப்பைக்கிழங்கு பிடுங்கிட்டு வான்னு சொல்லியிருக்கேன். கரண்ட் இல்ல, போன் சாகப்போகுது. வெச்சிடறேன்."

பிரசீதா "சரிம்மா" என்று சொன்னதை அம்மா கேட்டாளோ என்னவோ. நகரத்தில், காக்கநாட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு வெளியே மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தது. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் ஊர் ஆறான ஏலப்புழையின் இணையப் பக்கத்தைத் திறந்து வைப்பது அவளுக்குக் கர்க்கடக மழைமாதம் பிறந்ததிலிருந்தே வழக்கம். அம்மாவோடு பேசிக்கொண்டே அதைத் திறந்திருந்தாள். பேச்சு மும்முரத்தில் கண் மட்டும் அதன்மேல் ஓடியிருந்தது. இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பக்கத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை இருப்பது உறைத்தது.

வாசித்தாள். அணையின் இரண்டு மதகுகள் இன்று நண்பகலில் திறக்கப்படும். கரையோரத்திலும் ஆற்றின் நடுவிலுள்ள துருத்துகளிலும் இருப்பவர்கள் உடனே மேடான இடங்களுக்குப் போய்விட வேண்டும்.

கீழே அட்டவணை எப்போதும்போல் இருந்தது. பாலத்தடியில் நீர்மட்டம், நேற்றைய மட்டம், மழையளவு. கடைசியில், நிலை: இயல்பு. அதில் பொய் ஒன்றுமில்லை. மதகு திறக்காதவரை பாலத்தடியில் நீர் இயல்பாகத்தான் இருக்கும்.

அம்மாவைத் திரும்ப அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. பேப்பர் ஒட்டியாச்சு என்று அம்மா சொன்னது அப்போதுதான் நெஞ்சுக்குள் போய்க் குத்தியது. இதே பக்கத்திலிருந்து எடுத்த தாள். இவ்வளவு பெரிய சிவப்புப் பட்டை உச்சியில் இருக்க, அம்மா எப்படி இயல்பு என்கிறாள்? விரல்கள் தாமாகவே அச்சுக்கான இரண்டு விசைகளை அழுத்தின. தாளில் எப்படி வரும் என்பதைக் காட்டும் சின்னப் பெட்டி திரையில் எழுந்தது. வெள்ளைத் தாள். அதன் நடுவில் அட்டவணை. வேறொன்றும் இல்லை.

போன வருஷம் சோபனா சேச்சி கேட்டுத்தான் அவள் அதைச் செய்தாள். ஊர் வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவள் சோபனா. அணையைக் கட்டிய மின்சாரக் கம்பெனி ஆற்றின் மட்டத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட ஆரம்பித்தபோது, போன் பார்க்கத் தெரியாதவர்களுக்காக அதை அச்செடுத்து வெளிச்சுவரில் ஒட்டும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவள். ஆனால் அச்செடுத்தால் நான்கு தாள் வந்தது. கம்பெனியின் முத்திரை, சேர்மனின் பெரிய படம், படகுச் சவாரி விளம்பரம், இத்தனைக்கும் பிறகு மூன்றாவது தாளின் அடியில் அட்டவணை பாதியாக வெட்டுப்பட்டு வரும். "உங்க சேர்மன் சிரிக்கிறதுக்கே என் மை முழுசும் போவுது மோளே," என்று ஓணத்துக்கு ஊருக்குப் போனபோது அவள் சொன்னாள். "அந்த ஆளு எனக்கு எதுக்கு? ஆத்தை மட்டும் எடுத்துத் தர முடியாதா?"

முடியும். மிக எளிது. கம்பெனியின் பக்கத்தைச் செய்து தந்ததே பிரசீதா வேலை பார்க்கும் இந்தச் சின்ன நிறுவனம்தான். ஒரு பக்கம் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பில், அச்சுக்கென்று மட்டும் தனியாகச் சில வரிகள் எழுதலாம். திரையில் இருப்பது அப்படியே இருக்கும்; தாளில் விழுவது வேறாக இருக்கும். அவள் எழுதியது இவ்வளவுதான்: அச்சு என்றால் பக்கத்தில் உள்ள அத்தனையையும் மறை, அட்டவணை இருக்கும் இந்த ஒரு பெட்டியை மட்டும் காட்டு. சேர்மன் போனார், படகு போனது. ஒரே தாளில், பெரிய எழுத்தில், ஆறு மட்டும். சோபனா சேச்சி அதைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அன்றைக்கு முழுவதும் பிரசீதாவுக்கு மனசு லேசாக இருந்தது. அவள் செய்த வேலைகளிலேயே தன் ஊர்க்காரர்கள் கையால் தொட்டுப் பார்த்தது அது ஒன்றுதான்.

எச்சரிக்கைப் பட்டை பிறகு வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டு, அவள் முதலாளி டினு வேறொருவனிடம் கொடுத்து வைக்கச் சொன்னது. அவன் அதை உச்சியில் வைத்தான், பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று. அந்தப் பெட்டிக்கு வெளியே. திரையில் நன்றாகவே தெரிந்தது. அச்செடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அணை அலுவலகத்தின் எண் ஓயாமல் பிஸியாக இருந்தது. பாப்பச்சனின் எண் மணியடிக்கவே இல்லை. வாசகசாலையில் பழைய லேண்ட்லைன் ஒன்று உண்டு. அது ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது தடவை யாரோ மூச்சு வாங்க எடுத்தார்கள்.

"யாரு?"

"சேச்சி, பிரசீதா. மதகு திறக்கப் போறாங்க. மதியத்துக்கு. எல்லாரையும் மேல போகச் சொல்லுங்க. இப்பவே."

"யாரு சொன்னா?"

"பக்கத்துல போட்டிருக்கு."

"எந்தப் பக்கம்? நானே காலையில எடுத்து ஒட்டினேன். இதோ ஜன்னல் வழியா தெரியுது. இயல்புன்னு இருக்கு. உன் பேப்பர்தான் மோளே."

"பேப்பர்ல வரல சேச்சி. மேல சிவப்பா ஒண்ணு இருந்திருக்கும். பாக்கலையா?"

சோபனாவின் குரல் மழைச் சத்தத்துக்கு ஊடே வந்தது. "மேல எப்பவும் ஏதாச்சும் ஓடிக்கிட்டுதானே இருக்கும். சேர்மனுக்குப் பொறந்தநாள், போட்டிங், அது இதுன்னு. நான் அதெல்லாம் பாக்கறதில்ல. பிரிண்டு கொடுத்துட்டு மெஷின்கிட்ட ஓடிடுவேன். பேப்பர் மாட்டிக்கும் இல்ல." பிறகு குரல் சற்றுக் கெட்டிப்பட்டது. "இரு, போன வாரமும் இப்படித்தான் அணை உடைஞ்சிடுச்சுன்னு ஒருத்தன் வாட்ஸாப்புல கிளப்பிவிட்டு ஊரே ஓடுச்சு. தேவகியம்மா விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாங்க. இப்ப நான் போய் எதைக் காட்டி ஓடுங்கன்னு சொல்ல? கரண்டும் இல்ல, பக்கத்தைத் திறந்து காட்ட. சுவத்துல பேப்பர் இருக்கு. எல்லாரும் வாசிச்சாச்சு."

"நான் சொல்றேன் சேச்சி. பேப்பரை நம்பாதீங்க. அதை இப்படி வரவெச்சதே நான்தான். எச்சரிக்கையைச் சேர்த்து மறைச்சுட்டேன். எனக்கே தெரியாம."

சோபனா ரொம்பத் தாழ்ந்த குரலில், "பாப்பச்சன் துருத்துல இருக்கானே," என்றாள்.

"கூப்பிடுங்க."

"இங்கருந்து எப்படிக் கேக்கும், ஆறு போடற இரைச்சல்ல?" ஏதோ விழுந்து உடையும் சத்தம். "பள்ளி மணியை அடிக்கச் சொல்றேன். நீ அம்மாவைப் பத்திக் கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்." தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணும் ஒலிக்கவில்லை.

டினு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வயதில் அவளைவிட இளையவன். இந்த நிறுவனத்தை ஆரம்பித்தவன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"முதல்ல அதைச் சரி பண்ணு," என்றான். 

அதை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். வேறு கரைகளிலும் யாராவது அச்செடுக்கலாம். ஒரே ஒரு வரிதான். பட்டையையும் காட்டு. அறையின் மூலையிலிருந்த இயந்திரம் தாளைத் துப்பியது. இப்போது பட்டை வந்திருந்தது. வண்ண மை இல்லாததால் கறுப்பாக, இரங்கல் செய்திக்குப் போடும் கரையைப்போல.

டினு அதை எடுத்துப் பார்த்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பிரசீ, நான் சொல்றதைக் கேளு. இது ஆரம்பத்துலேருந்தே இப்படித்தான் இருந்துச்சு. புரியுதா? இன்னிக்கு மாத்தினோம்னு எங்கயும் தெரிய வேண்டாம். பழைய கோப்பை எல்லா இடத்துலயும் எடுத்துடு."

"ஊர்ல சுவத்துல ஒட்டியிருக்கே."

"மழையில நனைஞ்சு போயிடும்," என்றான் அவன். சொன்ன பிறகு அவனே அந்த வார்த்தையைக் கேட்டவன்போல் வாயை மூடிக்கொண்டான்.

பிரசீதா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பழைய கோப்பை அவள் தொடவில்லை.

கோதமங்கலம் தாண்டியதும் ஊருக்குப் போகும் பஸ் நகர மறுத்தது. சாலையில் மண் சரிந்திருந்தது. ஒரு ஜீப்பில் சுற்றுவழியாகப் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஆறு தெரியும் என்று எதிர்பார்த்துத் தலையைத் திருப்பினாள். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனிதான் இருந்தது. ஆனால் சத்தம் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் இல்லை அது. கனமான எதையோ யாரோ தரையில் இழுத்துக்கொண்டே போவதுபோல், நிற்காமல். டிரைவர் ஒரு தடவை, "திறந்துட்டாங்க," என்றான். 

ஊருக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஜனம் நிறைந்திருந்தது. அம்மா வராந்தாவில் யாருடைய குழந்தையையோ மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு," என்றாள். "போனாப் போகுது. மணி அடிச்சாங்க. எல்லாரும் ஏறிட்டோம்." பிறகு, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "பாப்பச்சன் மட்டும் வரல. நான்தான் கப்பை கேட்டேன்," என்றாள்.

சோபனா சேச்சி தொண்டை கட்டிப்போய்க் கஞ்சிப் பாத்திரத்தருகே நின்றிருந்தாள். வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினாளாம். பாதிப்பேர் சுவரில் இருந்த தாளைக் காட்டி அவளையே திட்டினார்களாம். கடைசியில் அதைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பிய பிறகுதான் நகர ஆரம்பித்தார்களாம். இதை அவள் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். அவள் பிரசீதாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். குரல் வரவில்லை. கையை மட்டும் ஆற்றுப்பக்கம் நீட்டினாள்.

ஆற்றின் படகுக் கடவுக்குப் போகும் பாதையில் பாதி தூரத்திலேயே தண்ணீர் இருந்தது. அங்கே கயிறு கட்டி, அதற்கு இப்பால் ஆட்கள் நின்றிருந்தார்கள். துருத்து இருந்த இடத்தில் சில கமுகு மரங்களின் தலைகள் மட்டும் ஒரே திசையில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு ஒன்று மஞ்சள் விளக்கோடு அவற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாப்பச்சனின் மனைவி ரோசிலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். யாரோ அவள் தோளில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தியிருந்தார்கள். பிரசீதா அருகில் போய் நின்றதும் தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"அவருக்கு எழுத்து கூட்டிப் படிக்க வராது. தெரியுமில்ல உனக்கு? தினமும் நான்தான் கூடப் போய்ப் படிச்சுக் காட்டுவேன். காலையில, போகட்டுமான்னு கேட்டாரு. ஆட்டுக்குட்டி ரெண்டு அங்க நின்னுபோச்சு. நான் பேப்பரைப் பாத்துட்டு, போங்க, ஒண்ணுமில்லன்னேன்." ஆற்றைப் பார்த்தபடியே இருந்தாள். "வேற ஏதாச்சும் எழுதியிருந்துச்சா? நான் தப்பாப் படிச்சுட்டேனா? எனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

பிரசீதாவுக்கு டினுவின் சட்டைப் பை நினைவுக்கு வரவில்லை. வேலை நினைவுக்கு வரவில்லை. இந்த ஒரு கேள்வியை இந்தப் பெண் இனி ஒவ்வொரு நாளும் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க ரோசிலி சேச்சி," என்றாள். "பேப்பர்ல அது இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. பேப்பர்ல வராம போனதுக்குக் காரணம் நான். நான் செஞ்சது."

பக்கத்தில் நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ரோசிலியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கேட்டாளா, கேட்டும் புரியவில்லையா, புரிந்துதான் இப்படி நிற்கிறாளா என்று பிரசீதாவால் சொல்ல முடியவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த அந்தக் கை இன்னும் இறுகியதை மட்டும் பார்த்தாள்.

அப்போது நடு ஆற்றில் படகின் எஞ்சின் நின்றது. படகிலிருந்தவன் கையை உயர்த்தி, எல்லாரையும் பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினான். கரை முழுவதும் ஓய்ந்தது. விளக்கு ஒரு கமுகின் உச்சியில் நிலைகுத்தி நிற்க, படகு மெதுவாக நீரோடு பின்னால் நழுவிக்கொண்டே போக, அதிலிருந்த நால்வரும் தலையைச் சாய்த்து, காதில் கையை வைத்து, எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தார்கள்.