வட்டம் போட்ட பீப்பாய்

1951 மே மாதம் ஒன்பதாம் தேதி காலை முதல், தாணுலிங்கம் பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் நிற்கவில்லை. செம்பு, குடம், டம்ளர் எதிலும் ஓட்டை கிடையாது. அடிப்பக்கம் வியர்த்து, சொட்டி, கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். அந்த வாரம் தேங்காயெண்ணெய் விலை ஏறியிருந்ததால் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் இதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட இரும்புப் பீப்பாய்கள் 1947 முதல் லாரி லாரியாகச் சாலைக்கு வந்தன. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று எழுதிய பெயின்ட் எப்போதோ உரிந்துபோயிருக்கும். தாணுலிங்கம் அவற்றை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். விரல் முட்டியால் தட்டித் தகடு மெலிந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே விட்டுத் துருவைப் பார்ப்பார். கடைசியில் பீப்பாயின் வாயில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். எத்தனை தடவை கழுவியிருந்தாலும் உள்ளே இருந்தது மண்ணெண்ணெயா, தாரா, சாராயமா என்று அந்த மூக்கு சொல்லிவிடும். தின்னவும் குடிக்கவும் ஆகும் பீப்பாய்க்குச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார், ஆகாததற்குப் பெருக்கல் குறி. அவர் வட்டம் போட்டதை யாரும் மறுபடி முகர்ந்து பார்த்ததில்லை. அவருடைய குறிக்காகக் கொல்லத்து வியாபாரிகள் இரண்டு நாள் தங்கிக்கூடக் காத்திருந்தார்கள்.

அந்த வருஷக் கோடையில் பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓடை வற்றியது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களில் குடிதண்ணீர் சேர்த்துவைக்கப் பன்னிரண்டு பீப்பாய் வேண்டுமென்று தோட்டத்துக் குமாஸ்தா ஸ்ரீனிவாசன் லாரியோடு வந்தார். தாணுலிங்கத்துக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூக்கு கல்லாக அடைத்திருந்தது. அன்று காலை அவருடைய மனைவி மங்கலம் பெருங்காயம் பொரித்த வாசனைகூட அவருக்குத் தெரியவில்லை.

"மூக்கு அடைச்சிருக்கு, ரெண்டு நாள் களிஞ்சு வாங்கன்னு ஒரு வாக்கு சொன்னா என்னவாம்?" என்றாள் மங்கலம்.

"தாணுலிங்கத்துக்கு மணம் தெரியல்லைன்னு சாலை முழுக்கச் சொல்லுவானுக. நீ சும்மா கெட."

பதினொன்றைத் தட்டியும் கண்ணாடி காட்டியும் தேர்ந்தெடுத்தார். அவை நல்லவை. பன்னிரண்டாவதும் உள்ளே துருவில்லாமல் பளபளவென்றிருந்தது. வழக்கம்போல மூக்கை வைத்தார், கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. "வண்டி நிக்கறது, ஓய்" என்றார் ஸ்ரீனிவாசன். தாணுலிங்கம் வட்டம் போட்டார்.

அதில் இருந்தது பூச்சிமருந்து. நான்கு நாளில் லயத்தில் ஏழு பேர் செத்தார்கள், ஐந்து பேர் குழந்தைகள். தோட்டத்தில் காலரா என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். ஒன்பதாம் தேதி ஸ்ரீனிவாசன் வந்து வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். தாணுலிங்கம் உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அது அவர் கையிலேயே காலியானது.

அதன்பிறகு உள்ளங்கையில் ஏந்தியது மட்டுமே அவருக்கு நின்றது. மங்கலம் சமையலைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அவருக்குக் குழம்பில்லாத வெறும் சோறு. ஒழுகுகிறதா என்று நீர் நிரப்பிச் சோதிக்க முடியாததால் பீப்பாய்த் தொழிலும் நின்றது. மூக்கு மட்டும் முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியிருந்தது. தெருமுனையில் யாராவது பூச்சிமருந்து டப்பாவைத் திறந்தால் வீட்டுக்குள் அவர் வாந்தியெடுத்தார்.

1953இல் ஒருநாள் கல்லாறு வரை பஸ்ஸில் போய், கொண்டையூசி வளைவுகளை நடந்தே ஏறி லயத்துக்குப் போனார். இரண்டு மகள்களைப் பறிகொடுத்த முத்தாரம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவள்.

"வட்டம் போட்டது நானாக்கும். எனக்கு அன்னைக்கு மணமே தெரியல்ல. தெரிஞ்ச மாதிரி நின்னுட்டேன்."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "தெரியலன்னு சொன்னா என்னவே?"

"எனக்க பேரு போயிருமேன்னு."

"எம்பிள்ளைய பேரு தெரியுமா ஒமக்கு?"

அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் யாரிடமும் கேட்கவுமில்லை.

"மூத்தவ உலகம்மை. எளையவளுக்குப் பேரு விடல. நாப்பது நாளு ஆவட்டும்னு இருந்தோம்." தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் இருட்டும்வரை நின்றார். கதவு திறக்கவில்லை.

1956 நவம்பரில் நாஞ்சில்நாடு மதராஸோடு சேர்ந்தபோது மங்கலம் நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். "நீங்களும் வாங்க" என்று ஒரு முறைதான் கூப்பிட்டாள். அவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார். பஸ் ஜன்னலில் அவள் மடியிலிருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்ததும் நாலடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை குடிக்கத் தெருக்குழாய்க்குப் போனார். வரிசையில் நின்ற பெண்கள் அரிசி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வருவதைக் கண்டு, பேச்சை நிறுத்தாமலே அவரவர் குடத்தைக் காலால் எட்டத் தள்ளி வைத்து வழிவிட்டார்கள்.