ரவுடியும் டீச்சரும்

ஒரே தாய், ஒரே ஈற்று, ஒரே அட்டைப் பெட்டியில் வீடு வந்து சேர்ந்த இரண்டு குட்டிகள். ஆனாலும் வந்த வாரமே இரண்டின் தலையெழுத்தையும் எழுதி முடித்துவிட்டார்கள். ஆண் குட்டி கால்மிதியைக் கிழித்தது, செருப்பைத் தின்றது, பக்கெட் தண்ணீரில் விழுந்து எழுந்து அப்படியே படுக்கையில் ஏறிப் புரண்டது. அதற்கு ரவுடி என்று பெயர். பெண் குட்டி முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துகொண்டு, அத்தனை கூத்துக்கும் மார்க் போடப் போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு டீச்சர்.

பெயர் வைப்பதில் இதுதான் வம்பு. வைத்த பிறகு யாரும் நாயைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள். எது உடைந்தாலும் "டேய் ரவுடி!" என்ற குரல் முதலில் போகும், விசாரணை பிறகு வரும், பெரும்பாலும் வராது. சோபாவின் பஞ்சு வெளியே வந்த நாளில் ரவுடி பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். டீச்சரின் மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "ஐயோ, அவன் பிச்சுப் போட்டதுல போய் மூக்கை நுழைச்சிருக்கா பாருங்க, பாவம்" என்றாள் நாய்களை வளர்த்த பல்செட்டுக்காரரின் மனைவி.

பல்செட்டுக்காரர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, மெழுகு வைத்து, பல் பதித்து, ஈறு நிறத்தில் வார்த்து, வழவழவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவது அவர் தொழில். வாடகை வீட்டின் மாடியில் முன்னறைதான் பட்டறை. அவர் வேலை செய்யும் மேசைக்கு அடியில் டீச்சர் படுத்திருப்பாள். சத்தம் போட மாட்டாள், குறுக்கே வர மாட்டாள். கூப்பிட்டால் உடனே எழுந்து வரவும் மாட்டாள். வரலாமா வேண்டாமா என்று யோசித்து, தனக்கு லாபம் இருந்தால் வருவாள். அந்த மிடுக்கு அவருக்குப் பிடித்திருந்தது. ரவுடியோ எடுத்ததற்கெல்லாம் குரைப்பான், மாடிப்படிக் கைப்பிடி ஒன்றையும் விடாமல் காலைத் தூக்குவான், வாலை ஆட்டி மேசையிலிருக்கும் அச்சைத் தட்டிவிடுவான். யார் வந்தாலும் வீடு இடிகிற மாதிரி குரைத்துவிட்டு, வந்தவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவான். அவனுக்குப் பல்செட்டுக்காரரின் மகள்தான் எல்லாம். ஏழாவது படிக்கிறாள். அவள் பள்ளி விட்டு வரும் வரை கேட்டைப் பார்த்தபடியே கிடப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மேலே வந்தார். பட்டறை மேசைக்கு அடியில் போகிற குழாயில் கசிவு. பிளம்பரைக் கூப்பிட்டால் கையைக் கடிக்கும் என்று எல்லா ரிப்பேரையும் தானே பார்க்கிற மனுஷர். குனிந்து உட்கார்ந்து, குழாயின் பின்னால் கையை விட்டார். அங்கே டீச்சரின் பொக்கிஷம் இருந்தது. அது பாதி கடித்த ஒரு தோல் செருப்பு. அது அங்கே இருப்பது பல்செட்டுக்காரருக்கும் தெரியும். அவரே கூட அந்தப் பக்கம் கையை நீட்டுவதில்லை.

அந்த நேரம் பல்செட்டுக்காரர் தேய்க்கிற மெஷினைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். "அம்மா!" என்ற அலறல்தான் கேட்டது. உறுமல் எதுவும் இல்லை. அலறலைக் கேட்டு பால்கனியிலிருந்து ரவுடி பாய்ந்து வந்தான். பின்னாலேயே சீப்பும் கையுமாக மகள். ரவுடி குரைத்த குரைப்பில் ஜன்னல் அதிர்ந்தது. வீட்டுக்காரர் வலியில் மூடிய கண்ணைத் திறந்தபோது, அவர் முகத்துக்கு நேரே நின்றது ரவுடிதான். டீச்சர் எப்போது எழுந்து போனாளோ, நடைக்கதவின் ஓரத்தில் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஆம்பள நாய்தான்! எனக்கு மொதல்லயே தெரியும், இது ஒருநாள் இல்ல ஒருநாள் வேலையைக் காட்டும்னு!"

பல்செட்டுக்காரர் அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இரத்தம் விலகியபோது கடித்த இடம் தெளிவாகத் தெரிந்தது. மேலே இரண்டு ஓட்டை. கீழே ஒன்றுதான். இரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆயுசு முழுக்கப் பல்லையே பார்த்துப் பிழைக்கிறவருக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? டீச்சர் போன வருஷம் ஒரு கூழாங்கல்லைக் கடித்துக் கீழ்க் கோரைப்பல் ஒன்றை முறித்துக்கொண்டவள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவரும் இவர்தான்.

சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே போனார். "ரெண்டுல ஒண்ணு போகணும் சார். எனக்கு அந்தப் பொட்ட நாயைப் பத்திக் கவலை இல்ல. பொட்டை எப்பவும் அடக்கமா இருக்கும், வீட்டைச் சுத்திக்கிட்டுக் கெடக்கும். இந்த ஆம்பளதான் ஆகாது."

சொல்ல வந்ததை அவர் அப்படியே விட்டார். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. "ஆமா சார். அவன் கொஞ்சம் முரட்டுப் பயதான்."

"அப்பா!" என்றாள் மகள். "ரவுடி என்கூட பால்கனியிலதான் இருந்தான். நான் அவனுக்குச் சீவிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தான்."

"சும்மா இரு."

"நெஜமாப்பா. அதுக்கு முன்னாடி அவன் இங்க வரவே இல்ல."

"அவனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத! பெரியவங்க பேசும்போது குறுக்க பேசற பழக்கம் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் அவளை அதற்கு முன் பொய்க்காரி என்று சொன்னதில்லை. அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், வீட்டுக்காரரின் கையைப் பார்த்தாள், சீப்பைப் பார்த்தாள். பிறகு பால்கனிக்குத் திரும்பிப் போனாள்.

வீட்டுக்காரருக்கு ஊசி போட்டு அழைத்து வந்தார். மறுநாள் மச்சான் மேனேஜராக இருக்கும் மரக்கடைக்கு, காவலுக்கு என்று சொல்லி ரவுடியைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார். வண்டியின் கதவைத் திறந்ததும் ரவுடி ஊர் சுற்றப் போகிறோம் என்று ஒரே தாவலில் ஏறி, ஜன்னல் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் அவர் காதை நக்கிக்கொண்டே வந்தான். அவனைச் சங்கிலியில் கட்டிவிட்டுத் திரும்பியபோது, அந்தக் காது பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து கழுவினார். கழுவினாலும் போகாதது எது என்று அவருக்குத் தெரியும்.

தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் மனிதனுக்கு ஈடு கிடையாது. மரக்கடையில் இடம் பெரிது, ரவுடிக்கு ஓடி விளையாடலாம். டீச்சர் பொம்பளப் புள்ள, வெளியே போனால் தாங்க மாட்டாள். ஆண் என்றால் சமாளித்துக்கொள்வான். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பட்டறையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்கிய எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம்தான் இருந்தது. டீச்சரை விட மனசு வரவில்லை, ரவுடியை விட வந்தது.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டோடு மரக்கடைக்குப் போனார். சங்கிலியின் நீளம் தீர்கிற இடம் வரை ரவுடி பாய்ந்து வந்தான், கழுத்து இறுகி மூச்சு முட்டியது, மறுபடியும் பாய்ந்தான். மச்சான் தலையிலடித்துக்கொண்டான்.

"நல்ல காவல் நாயைத் தலையில கட்டினீங்க மாமா! கடிக்கிற நாய்னு சொன்னீங்க. லோடு ஏத்த வர்றவன், வழி கேக்க வர்றவன், எவன் வந்தாலும் மல்லாக்கப் படுத்து வயித்தைக் காட்டுது. நாளைக்குத் திருடன் வந்தா டார்ச் பிடிச்சுக் காட்டும் போல."

"போகப் போகப் பழகிடும்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுக்கக்கூட மறந்துபோயிருந்தார்.

வீட்டில் சத்தம் குறைந்தது. "அக்கடான்னு இருக்கு" என்றாள் மனைவி. டீச்சர் இரண்டு பேர் பங்கையும் தின்று ஒரு சுற்றுப் பெருத்தாள். மகள் அழவில்லை, சண்டை போடவில்லை, ரவுடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் வேறொன்று தொடங்கியிருந்தது. பள்ளிக்குக் கிளம்பிப் படியிறங்கியவள் திரும்பி வருவாள்.

"அப்பா, நான் ஃபேனை நிறுத்தினேனா?"

"நிறுத்தினியே, நான் பாத்தேன்."

"நிறுத்தின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்குச் சில சமயம் நடக்காதது நடந்த மாதிரி தோணுது இல்ல, அதான் கேட்டேன்."

அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தி அப்படியே நின்றது. "யார் சொன்னா அப்படின்னு?" என்று கேட்க வாய் வரை வந்தது. யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு பல்லை எடுத்துத் திருப்பிப் பதித்தார். அன்று செய்த செட் டாக்டரிடமிருந்து கோணல் என்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். பட்டறையில் மகளின் ரப்பர் உருண்டு மேசைக்கு அடியில் போயிருக்கிறது. அவர் அப்போது கீழே பார்சல் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மகள் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"காம்பஸ் குத்திடுச்சுப்பா."

"காட்டு."

"ஒண்ணுமில்லப்பா. நான்தான் கவனிக்காம பெட்டிக்குள்ள கையை விட்டேன்."

கையை இழுத்து, கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளங்கையின் ஓரத்தில் மேலே இரண்டு ஓட்டை. கீழே ஒன்று. அதன் பக்கத்தில் கன்றிச் சிவந்த தோல்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காம்பஸா?" என்றார்.

"காம்பஸ்தான்பா." அவள் குரல் உடைந்தது. "டீச்சர் ஒண்ணும் பண்ணல. அவளையும் அனுப்பிடாதீங்கப்பா. நான்தான் அவ எடத்துல கையை வெச்சேன்."

நிஜம் சொன்ன வாயை அடைத்தார். இப்போது அந்த வாய் பொய் சொல்கிறது, அதையும் அவரைப் போலவே ஒரு நாய்க்காகச் சொல்கிறது. குழாயடிக்கு அழைத்துப்போய்க் கழுவினார். சோப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"பாப்பா, அன்னிக்கு நீ சொன்னதுதான் நெஜம். ரவுடி கடிக்கல."

"உங்களுக்குத் தெரியுமா? எப்பத் தெரிஞ்சுச்சு?"

'இப்போதுதான்' என்று சொல்லலாம். அவள் நம்பிவிடுவாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார்.

"அன்னிக்கே தெரியும். இதே மாதிரி அவர் கையைக் கழுவும்போதே தெரியும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை அவர் பிடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள். "நான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஏதோ கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி சொன்னாள்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மனைவி, "அடப்பாவி மனுஷா" என்றாள். சோபாப் பஞ்சு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டுத் திரும்புகிற வழியில் மகள் கேட்டாள். "ரவுடியை எப்பக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

"மொதல்ல வீட்டுக்காரர்கிட்டச் சொல்லணும். நீ மேல போ, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"உனக்கு எதுக்கும்மா?"

"நீங்க சொல்றீங்களான்னு பாக்கணும்."

இரண்டு பேருமாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், அன்னிக்கு ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு…" என்று தொடங்கினார். பக்கத்தில் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நிறுத்தினார். முதலிலிருந்து சொன்னார். "பொய் சொன்னேன் சார். உங்களைக் கடிச்சது அந்தப் பொட்ட நாய்தான். கடியைப் பாத்த ஒடனே எனக்குத் தெரியும். இவ நெஜத்தைச் சொன்னா. நான் இவளைப் பொய்க்காரின்னேன்."

வீட்டுக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். கோபப்படுவார், காலி பண்ணச் சொல்வார் என்று பல்செட்டுக்காரர் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்ன, கிட்டத்தட்ட விரும்பினார். நாலு வார்த்தை திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும். அந்த மனுஷர் அதைக்கூடச் செய்யவில்லை. இவரைத் தாண்டி மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. அந்தப் பொட்ட நாய் இன்னும் யாரையாவது கடிக்குமா?"

மகள் கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். "அவ ஒளிச்சு வெச்சதுகிட்டப் போனா கடிப்பா அங்கிள். உறுமவே மாட்டா, நேரா கடிப்பா. மத்தபடி ஒண்ணும் பண்ண மாட்டா. மேசைக்கு முன்னாடி ஒரு சின்னக் கதவு போட்டுட்டா யாரும் கையை விட முடியாது."

"அந்த ஆம்பள நாய்?"

"சத்தம் மட்டும்தான் அங்கிள். நிறைய சத்தம் போடுவான்."

"சரி. நீ சொல்றதால ரெண்டும் இருக்கட்டும். அந்தச் சின்னக் கதவுக்கு என்ன அளவு வேணும்னு நீயே அளந்து சொல்லு, நானே செஞ்சு தரேன்." அவர் உள்ளே போய் அளவு டேப்பை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"அளவு நான் எடுத்துத் தரேன் சார்" என்றார் பல்செட்டுக்காரர்.

"வேண்டாம் சார்" என்றார் வீட்டுக்காரர். "பாப்பாவே எடுக்கட்டும்."

மகள் டேப்போடு படியேறினாள். பல்செட்டுக்காரர் பின்னாலேயே ஏறினார். பாதிப் படியில் அவள் நின்று, கேட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்த்தாள். "பூட்டிட்டோம்" என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். ஆனாலும் இறங்கிப் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.