ஃபிரிட்ஜுக்குள் வைத்த நெட்புக்

அந்த நெட்புக்குக்கு நான் வைத்த பெயர் எருமை. திட்டுவதற்கென்றே வைத்த பெயர். மழை பெய்தால் என்ன, இடி இடித்தால் என்ன என்று அது பாட்டுக்கு நிற்கும். பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்பில் உலை வைத்து, துணியை அலசிக் காயப்போட்டு, மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் திரையில் ‘நல்வரவு’ என்று வரும். யாருக்கு வேண்டும் உன் நல்வரவு என்று அதன் முகத்துக்கு நேராகவே பல தடவை கேட்டிருக்கிறேன்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, ஆனால் வர நேரமாகும். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த வார்த்தை எங்கேயோ உள்ளறையில் கிடப்பது போலவும், தேடி எடுத்து வருவது போலவும் இருக்கும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை கிடையாது. ஆனால் மாமாவின் பேச்சுக்கு மட்டும் நிற்பேன். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டில் நான் சொல்வதைக் குறுக்கே விழாமல் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவர். அதனால்கூட இருக்கலாம்.

போன வருடம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனேன். ஒருநாள் மத்தியானம் தண்ணீர்ச் சொம்பை எட்டப் போய்க் கட்டிலிலிருந்து விழுந்து, நான் வீடு திரும்பும்வரை மாமா தரையிலேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தாராம். அவர் கூப்பிடுகிற வேகத்துக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்? அன்றோடு வேலையை விட்டேன். என் கணவர் ஒருவர் சம்பாத்தியத்தில் வீடு நொண்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அவருடைய அண்ணன், என் மூத்தார், ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார். முதியோர் இல்லத்தில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாராம். நான் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஏதாவது கிடைத்தால் அப்பா இங்கே இருக்கட்டும், இல்லையென்றால் அங்கே. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் காத்திருக்கத் தெரியாதவர். மாமா வாயைத் திறந்தாலே மிச்சத்தை இவரே சொல்லி முடித்துவிடுவார். "அப்பாவுக்கும் சம்மதம்தான்" என்று அன்றைக்கும் அவரேதான் சொன்னார்.

தேடித் தேடி அப்படி ஒரு வேலை வந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். தட்டச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது. ஆனால் தேர்வை வீட்டிலிருந்தே, கேமராவில் ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க, எழுத வேண்டும். எந்தக் கணினியில் பெயரைப் பதிந்தோமோ அதில்தான் எழுத வேண்டும். இந்த விதி தெரியாமல் நான் அவசரத்தில் எருமையில் பதிந்துவிட்டேன். தெரிந்திருந்தாலும் வேறு கணினிக்கு எங்கே போவது? மூத்தாரிடம் ஒன்று இருக்கிறது. ஆபீசுடையது, கையை வைக்கக்கூடாது என்றுவிட்டார்.

பயிற்சிக்கு உட்கார்ந்தேன். நான் ஒரு வரியை அடித்து முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, எழுத்துகள் ஒவ்வொன்றாக, வேண்டாத விருந்துக்கு வருகிறவர்கள் மாதிரி வந்து நின்றன. நேரம் முடிந்தபோது பாதி வரிகள் வந்தே சேரவில்லை.

என் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஓடாத எதையும் ஓடவைத்துவிடலாம் என்கிற திமிர் அந்தத் தொழில்காரர்களுக்கு உண்டு. எருமையை மடியில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கணினி கண் விழிக்கும்போதே கூட எழுந்து வருகிற வேண்டாத புரோகிராம்களையெல்லாம் எடுத்தார். பழைய படங்களை அழித்தார். எங்கள் கல்யாணப் படங்களையும் சேர்த்துத்தான், நானே அழிக்கச் சொன்னேன். காயலான் கடையிலிருந்து ஒரு மெமரி சில்லு கொண்டுவந்து மாட்டினார். ஊதுகுழாயால் உள்ளே அடைந்திருந்த தூசியை ஊதி வெளியேற்றினார். எருமை எழுந்து நின்றது. எழுத்துகள் என் விரலோடு ஓடி வந்தன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம்தான். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி நின்றுவிட்டது. அவர் அதன் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். தோசைக்கல் மாதிரி கொதித்தது. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"வேணாங்க" என்றேன். "சிரிப்பாங்க."

"யாரு சிரிக்கிறா? உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

இப்படித்தான் எருமை ஃபிரிட்ஜுக்குள் போனது. நடுத்தட்டில் தக்காளியையும் மாமாவின் மருந்தையும் ஒதுக்கிவிட்டு, நெட்புக்கைத் திறந்து என்னைப் பார்த்து நிற்கவைத்தார். கதவு திறந்தே இருக்கும். வெளியே ஸ்டூலில் தனி கீபோர்டு, அதன் ஒயர் உள்ளே போகும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் நெட்புக்குக்கும் கரண்டு வேண்டும். ஃபிரிட்ஜ் சொருகியிருந்த அதே பிளக்கில் அதையும் சேர்த்துச் சொருகினார். நான் முன்னால் நாற்காலி போட்டு, முகத்தில் குளிர் அடிக்க உட்கார்ந்து அடித்தேன். பறந்தது. கட்டிலில் இருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். சுவாரசியமாக ஏதாவது நடந்தால் அவருடைய இடது வாயோரம் மட்டும் மேலே போகும். போனது.

தேர்வு அன்று காலையில் மேற்பார்வைப் பெண் திரையில் வந்தாள். சின்ன வயசு. என்னை உற்றுப் பார்த்தாள். என் முகத்துக்குப் பக்கத்தில், திறந்த ஃபிரிட்ஜ் கதவிலிருந்த முட்டைத் தட்டின் விளிம்பு தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

ஃபிரிட்ஜுக்கு முன்னால் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விதியில் ஃபிரிட்ஜ் கூடாது என்று இல்லை போலிருக்கிறது, விட்டுவிட்டாள். ஆனால் ஏதோ இரைச்சல் கேட்கிறது, அதை நிறுத்தினால்தான் ஆரம்பிக்க முடியும் என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கம்ப்ரசரின் சத்தம் அது. கணவர் யோசித்தார். உள்ளே இருக்கிற குளிர் தேர்வு முடியும்வரை தாங்கும் என்று கணக்குப் போட்டு, உள்ளே இருந்த திருகைத் திருப்பி ஃபிரிட்ஜை மட்டும் அணைத்தார்.

ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். ஆகட்டும், நான் விடவில்லை. அவர் மென்றதையெல்லாம் துப்புரவாக எழுத்தில் வைத்தேன். இரண்டாவது டாக்டர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி பேசினார். அவருக்கு முன்னால் நான் ரயில் நிலையத்தில் நின்றேன். உடம்பில் ஓடிய ரத்தம் முழுக்க விரலுக்கு வந்துவிட்டது போல இருந்தது. எத்தனை மாதம் ஆகிவிட்டது இப்படி ஓடி? இந்த வீட்டில் துடைத்து, வடித்து, திருப்பிப் படுக்கவைத்து, நான் யார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இதுதான் நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது டாக்டரின் நடுவில் ஓர் எழுத்து பிந்தியது. பிறகு இரண்டு. திறந்த கதவு வழியே குளிர் எல்லாம் கூடத்துக்குப் போய்விட்டது. நான் திரையைப் பார்ப்பதை நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். எப்போதாவது வந்து சேரட்டும், என் பக்கம் பாக்கி இருக்கக்கூடாது என்று அடித்தேன். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. பக்கத்தில் நின்றிருந்த கணவருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. கையை நீட்டி ஃபிரிட்ஜின் திருகை மறுபடி திருப்பிவிட்டார்.

ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஃபிரிட்ஜ் பிளக்கில் வேறு எதையும் சொருகாதீர்கள், கம்ப்ரசர் கிளம்பும்போது கரண்டை மொத்தமாக இழுக்கும் என்று தொண்டை வற்றச் சொல்கிற மனிதர் அவர். கம்ப்ரசர் கிளம்பியது. கூடத்து விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டியது. டாக்டரின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது திரை கருப்பாக இருந்தது, அதில் என் முகம் தெரிந்தது.

நான் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். ஃபிரிட்ஜின் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுபடி பொத்தானை அழுத்தி, அந்த நல்வரவுக்காக நின்றேன். வாடி, வந்து தொலை, உன் காலில் விழுகிறேன் என்று நெட்புக்கிடம் கெஞ்சினேன். அது வந்து சேர்ந்தபோது தேர்வு மூடியிருந்தது.

மத்தியானம் அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நின்றுபோனதுவரை அடித்ததைப் பார்த்தார்களாம். இவ்வளவு வேகமும் சுத்தமும் யாரிடமும் பார்த்ததில்லை என்றாள். வேலை எனக்குத்தான் என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னாள், தேர்வில் கணினி நின்றுபோனவர்களுக்கு வீட்டு வேலை தருவதில்லையாம். "ஆபீசுக்கு வந்துடுங்க மேடம், திங்கக்கெழமையிலேருந்து. இங்க நல்ல கம்ப்யூட்டர் இருக்கு." வேறு கணினி வாங்கிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். அது மேலிடத்து விதி, மாற்ற முடியாது என்றாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. என்ன செய்ய, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா விழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

சாயங்காலம் மூத்தார் வந்தார். கணவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மூத்தாருக்கு இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. வேலை கிடைத்துவிட்டது, இல்லத்தில் இடம் இருக்கிறது, இரண்டும் கூடி வந்திருக்கிறது என்றார். கட்டில் பக்கம் திரும்பி, "என்னப்பா, போலாமா?" என்றார். மாமா கண்ணை மூடினார். மூத்தார் ஒரு மூச்சுவிடும் நேரம் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார். "சரிங்கிறார்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பொறுங்க" என்றேன். "அவர் இன்னும் சொல்லல. சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் தொறக்கக்கூடாது."

வேண்டாம் என்று சொல்வார். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், வேலையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பட்டினி கிடந்தாவது அவரை இங்கே வைத்துக்கொள்வேன். யார் என்னை என்ன செய்துவிட முடியும்? மூத்தார் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். சற்று முன்புதான் உள்ளேயிருந்து எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்த நெட்புக் குளிரில் வேர்த்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா... வேகம்... அம்மாடி" என்றார். வாயோரம் மேலே போனது.

காத்திருந்தோம்.

"நீ... வேலைக்குப்... போ."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இன்னும் பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடினார்.

"நான்... இருந்துக்கறேன்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இருந்துகொள்கிறேன் என்கிறார், இங்கேயேதான், தனியாகவாவது, விழுந்தாலும் பரவாயில்லை என்று. அப்படியானால் நான் போகவே மாட்டேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் விரல்கள் என் கையை இறுக்கின. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். உதடு ஒரு வார்த்தைக்காக நடுங்கியது.

"அங்க" என்றார்.

உங்களை யார் இதைச் சொல்லச் சொன்னது என்று அவர்மேல் பாய்ந்தேன். கையை உதறிவிட்டு எழுந்து கத்தினேன். யார் சொல்லச் சொன்னது, யார் கேட்டது?

பொறுங்கள் என்று எல்லாரையும் நிற்கவைத்தவள் நான்தான்.